ஆஃபீஸ் மாற்றியதும் பிபிடி கோணலாகிவிட்டதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

ஆஃபீஸ் 2016, 2019 இரண்டுக்குமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. அதையொட்டி நிறைய அலுவலகங்களில் 2024 பதிப்போ மைக்ரோசாஃப்ட் 365 சந்தாவோ வந்திருக்கிறது. பல இடங்களில் கணினியும் சேர்ந்தே மாறியிருக்கிறது. வேர்டும் எக்செலும் இந்த மாற்றத்தில் பெரிதாகத் தகராறு செய்வதில்லை. படுத்துவது பவர்பாயின்ட்தான். ஒரு பிபிடி தனக்கு வேண்டியதையெல்லாம் தன்னோடு வைத்துக்கொள்வதில்லை. எழுத்துரு விண்டோஸில் இருக்கும், வீடியோ டி டிரைவில் இருக்கும், சார்ட்டுக்கான எண்கள் யாரோ ஒருவருடைய எக்செல் கோப்பில் இருக்கும். பழைய கணினியில் எல்லாம் கைக்கெட்டிய தூரத்தில் இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. புதியதில் ஒன்று குறைந்தாலும் "ஃபைல் கெட்டுப்போச்சு சார்" என்று ஐடி பிரிவுக்கு போன் வரும். பெரும்பாலும் ஃபைல் நன்றாகத்தான் இருக்கும்.

கை வைப்பதற்கு முன்

கோணலாகத் தெரியும் கோப்பை அதே பெயரில் சேவ் செய்யாதீர்கள். நகல் எடுத்து, நகலில் வேலை செய்யுங்கள். ஒன்டிரைவிலோ ஷேர்பாயின்டிலோ இருக்கும் கோப்பு என்றால் இன்னும் கவனம் வேண்டும். 365-இல் ஆட்டோசேவ் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் சும்மா முயன்று பார்த்ததுகூட உள்ளே பதிந்துவிடும். மேல் இடது மூலையில் இருக்கும் ஆட்டோசேவை முதலில் நிறுத்துங்கள். ஏற்கெனவே பதிந்துவிட்டால் ஃபைல் → இன்ஃபோ → வெர்ஷன் ஹிஸ்டரியில் பழைய நிலை கிடைக்கும்.

அடுத்து, குற்றவாளி கோப்பா கணினியா என்று பிரிக்க வேண்டும். புதிதாக ஒரு வெற்று பிபிடி திறந்து இரண்டு வரி தட்டிப் பாருங்கள். அதிலேயே தகராறு என்றால் கோளாறு நிறுவலில் இருக்கிறது. கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள். வெற்றுக் கோப்பு ஒழுங்காக ஓடினால், தகராறு செய்யும் பிபிடியை புதிய பதிப்புள்ள வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் உங்கள் கணினியில்தான் ஏதோ இல்லை. அங்கேயும் அதே கோணல் என்றால் பதிப்பு மாற்றத்தின் விளைவு.

தமிழெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிகிறது

தமிழில் பிபிடி செய்யும் அலுவலகங்களில் வரும் முதல் புகார் இது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்புகள் இவை. அந்தக் கோப்புக்குள் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான்; அவற்றைத் தமிழ் வடிவத்தில் வரைந்து காட்டுவது மட்டுமே பாமினியின் வேலை. புதிய கணினியில் பாமினி இல்லையென்றால் முகமூடி கழன்றுவிடுகிறது.

நாளைக் காலை கூட்டம் என்றால் யோசிக்கவே வேண்டாம். பழைய கணினியின் ஃபான்ட்ஸ் கோப்புறையிலிருந்து அந்த எழுத்துருக் கோப்பை எடுத்து, புதியதில் வலது கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுங்கள். பவர்பாயின்டை மூடித் திறந்தால் தமிழ் வந்துவிடும். பழைய கணினியை ஸ்கிராப்புக்கு அனுப்பும் முன் அந்தக் கோப்புறையை ஒரு பென் டிரைவில் போட்டு வைத்திருந்தால் பாதித் தலைவலி மிச்சம்.

நிரந்தரத் தீர்வு யூனிகோடுக்கு, அதாவது தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே கோப்பில் பதியும் பொதுக் குறியீட்டுக்கு மாற்றுவது. இங்கேதான் பலரும் எழுத்துருவை மொத்தமாக மாற்றும் ரீப்ளேஸ் ஃபான்ட்ஸ் வசதியை நம்பி ஏமாறுகிறார்கள். பாமினியை எடுத்துவிட்டு லதா என்ற யூனிகோடு எழுத்துருவைப் போட்டால் எழுத்துருவின் பெயர்தான் மாறும். உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்துகள் அப்படியே நிற்கும். உரையை வெளியே எடுத்து, என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி ஒரு மாற்றியில் கொடுத்து, யூனிகோடாக வந்ததைத் திரும்ப ஒட்ட வேண்டும். ஒரு பெட்டிக்குள் தமிழும் ஆங்கிலமும் கலந்திருந்தால் தமிழ்ப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுங்கள். மொத்தமாகக் கொடுத்தால் நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரையும் அது தமிழாக்கி, எந்த மொழியிலும் இல்லாத ஒரு சொல்லைக் கையில் தரும். நூறு ஸ்லைடு உள்ள கோப்பு என்றால் இது முதுகை ஒடிக்கும் வேலை. எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதும் இல்லை. ஆண்டுதோறும் திருத்தி மறுபடி பயன்படுத்தும் கோப்புகளை மாற்றினால் போதும். வெறும் ஆவணமாகக் கிடப்பவற்றைப் பழைய கணினியிலேயே பிடிஎஃப் ஆக்கி வைத்துவிடலாம்.

பாமினியைத் தொடர்ந்து வைத்திருப்பவர்களுக்கு வரும் ஒரு விசித்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். "கணக்கு" என்று தட்டினால் "குணக்கு" என்று வருகிறது, "மனு" என்றால் "முனு". விசைப்பலகையை மாற்றிப் பார்த்தும் தீராது. பாமினியில் சிறிய எழுத்து க என்றால் அதன் பெரிய எழுத்து கு. ம-வின் பெரிய எழுத்து மு. வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் ஆட்டோகரெக்ட் வசதி ஆங்கிலம் என்று நினைத்துக்கொண்டு உதவிசெய்கிறது! பழைய கணினியில் யாரோ எப்போதோ அதை நிறுத்தி வைத்திருப்பார்கள். புதிய நிறுவலில் அது மறுபடி உயிர்பெற்றிருக்கும். ஃபைல் → ஆப்ஷன்ஸ் → புரூஃபிங் → ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் போய், வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள்.

தமிழ் சரியாகத் தெரிகிறது, ஆனால் பெட்டியை விட்டு வழிகிறது

யூனிகோடு கோப்புதான், ஒரு எழுத்தும் உடையவில்லை. ஆனால் தலைப்பு இரண்டு வரியாக மடிந்திருக்கிறது, கடைசி புல்லட் ஸ்லைடுக்குக் கீழே போய்விட்டது. எழுத்துருப் பெட்டியைப் பார்த்தால் லதா என்று பெயர் ஒழுங்காக இருக்கும். அந்தப் பெயரை நம்ப வேண்டாம். கோப்பில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் பெட்டி காட்டும். கணினியில் லதா இல்லாவிட்டாலும் லதா என்றுதான் சொல்லும். திரையில் வரைவது வேறொன்றாக இருக்கும், பெரும்பாலும் நிர்மலா யுஐ.

விண்டோஸ் எக்ஸ்பி, 7 காலத்தில் லதா கூடவே வந்தது. விண்டோஸ் 8-இல் நிர்மலா யுஐ வந்து சேர்ந்தது. விண்டோஸ் 10 முதல் லதாவும் விஜயாவும் துணை எழுத்துருத் தொகுப்புக்குப் போய்விட்டன. தமிழ் மொழியைச் சேர்க்காத கணினியில் அவை இருக்காது. ஆனால் பவர்பாயின்டின் வழக்கமான ஆஃபீஸ் தீமில் தமிழுக்கு உரிய எழுத்துரு என்று குறித்திருப்பது லதாவைத்தான். அதாவது நீங்கள் லதாவைத் தேர்ந்தெடுக்காமலேயே உங்கள் ஸ்லைடுகள் லதாவின் அகலத்துக்கு அமைந்திருக்கும். நிர்மலா அதே அகலத்தில் நிற்காது, வரிகள் மடிந்துவிடும்.

விண்டோஸ் செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதிக்குப் போய் தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ் என்று தேடிச் சேர்த்துவிடுங்கள். சில அலுவலகங்களில் நிர்வாகி இதைப் பூட்டி வைத்திருப்பார். அப்போது ஐடி பிரிவிடம் கேட்க வேண்டியதுதான். லதா வந்ததும் வழிந்த பெட்டிகள் தாமாகவே அடங்கும்.

கோப்பு வெளியாட்கள் கைக்கும் போகும் என்றால் எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பொதித்து அனுப்புங்கள்: ஃபைல் → ஆப்ஷன்ஸ் → சேவ், அதில் எம்பெட் ஃபான்ட்ஸ். இரண்டு தேர்வுகள் இருக்கும். பயன்படுத்திய எழுத்துகளை மட்டும் பொதிப்பது பார்ப்பதற்குப் போதும். வாங்குபவர் திருத்தவும் வேண்டும் என்றால் எல்லா எழுத்துகளையும் பொதிக்கும் இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். கோப்பின் அளவு கூடும், பரவாயில்லை. பொதிக்க உரிமம் தராத எழுத்துருக்களும் உண்டு, அவை உள்ளே போகாது.

ஆங்கிலத்திலும் இதே கதை நடக்கிறது, தலைகீழாக. 2023 முதல் 365-இல் வழக்கமான எழுத்துரு கலிப்ரி இல்லை, ஆப்டோஸ். புதிய பதிப்பில் செய்து பழைய பதிப்புள்ள கிளைக்கு அனுப்பினால் அங்கே ஆப்டோஸ் இருக்காது, வரிகள் நகரும். எல்லாரும் மாறும்வரை அலுவலக டெம்ப்ளேட்டில் கலிப்ரியையே வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை, அல்லது லோகோ சப்பையாகத் தெரிகிறது

2013 பதிப்பு முதல் புதிய ஸ்லைடின் வழக்கமான விகிதம் 16:9. அதற்கு முன் 4:3. பழைய கோப்பை அகலத் திரையில் ஓட்டினால் இருபுறமும் கறுப்பு வரும். அது கோளாறே இல்லை, விட்டுவிடலாம். கூட்ட அறையில் பழைய 4:3 புரொஜெக்டர்தான் இருக்கிறது என்றால் மாற்றவே மாற்றாதீர்கள்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் டிசைன் → ஸ்லைடு சைஸ். எப்படி மாற்ற என்று கேட்டால் என்ஷ்யூர் ஃபிட் கொடுங்கள், எதுவும் வெட்டுப்படாது. மாற்றியபின், எல்லா ஸ்லைடுக்கும் பொதுவான அமைப்பை வைத்திருக்கும் ஸ்லைடு மாஸ்டரைத் திறந்து லோகோவை மட்டும் தனியாகப் பாருங்கள்.

இன்னொரு சின்னக் குழப்பம்: 2010-இல் 16:9 என்று தேர்ந்தெடுத்த ஸ்லைடின் அகலம் 10 அங்குலம். இப்போதைய 16:9 ஸ்லைடின் அகலம் 13.33 அங்குலம். விகிதம் ஒன்றுதான், ஆனால் பழையதிலிருந்து ஒரு கட்டத்தைக் காப்பி எடுத்துப் புதியதில் ஒட்டினால் சின்னதாக வந்து விழும். பழைய கோப்பின் நகலில் முதலில் ஸ்லைடு சைஸை மாற்றிவிட்டு, அப்புறம் காப்பி எடுங்கள்.

தலைப்புப் பட்டையில் கம்பாட்டிபிலிட்டி மோடு என்று இருக்கிறது

2003 வரையிலான பழைய பிபிடி வடிவத்துக் கோப்பைத் திறந்திருக்கிறீர்கள். 2007-இல் வந்த பிபிடிஎக்ஸ் வடிவம் வேறு. ஒன்றும் ஆகிவிடவில்லை, புதிய வசதிகள் சில மங்கிக் கிடக்கும், அவ்வளவுதான். சேவ் ஆஸ் கொடுத்து பிபிடிஎக்ஸ் ஆக்குங்கள். பழைய கோப்பும் பக்கத்தில் அப்படியே இருக்கட்டும். மாற்றியபின் அனிமேஷன் வரிசையை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பழைய கோப்பில் மேக்ரோ (கோப்புக்குள் எழுதி வைத்த சிறு நிரல்) இருந்தால் மட்டும் பிபிடிஎக்ஸ் கூடாது. அந்த வடிவம் மேக்ரோவை வைத்துக்கொள்ளாது. பிபிடிஎம் என்று தேர்ந்தெடுக்க வேண்டும்.

வீடியோ இருந்த இடத்தில் கறுப்புக் கட்டம்

மின்னஞ்சலில் வந்த கோப்பு என்றால் மேலே மஞ்சள் பட்டை இருக்கிறதா பாருங்கள். புரொடெக்டட் வியூவில் இருக்கும்வரை வீடியோவை எதிர்பார்க்காதீர்கள். அனுப்பியவர் தெரிந்தவர்தான் என்றால் எனேபிள் எடிட்டிங் கொடுங்கள்.

அது இல்லையென்றால் கோப்பு எப்போது செய்தது என்று கேளுங்கள். 2007 பதிப்பு வரை பவர்பாயின்ட் வீடியோவைத் தனக்குள் வைத்ததே இல்லை; எங்கே இருக்கிறது என்ற பாதையை மட்டும் குறித்துக்கொண்டது. 2010 முதல்தான் உள்ளே பொதிகிறது. பழைய கணினியின் டி டிரைவில் "டிரெய்னிங்" கோப்புறையில் இருந்த வீடியோவைப் புதிய கணினியிலும் அங்கேயே தேடும். ஃபைல் → இன்ஃபோ பக்கத்தின் வலது கீழ் மூலையில் எடிட் லிங்க்ஸ் டு ஃபைல்ஸ் இருந்தால் உங்கள் கோப்பு இந்த வகை. வீடியோவைத் தேடிப் பிடித்து, பழைய கட்டத்தை நீக்கிவிட்டு, இன்சர்ட் → வீடியோ வழியாகப் புதிதாகச் செருகுங்கள். இனி அது கோப்போடு பயணிக்கும்.

பாதை சரி, வீடியோவும் இருக்கிறது, ஆனாலும் ஓடவில்லை என்றால் வடிவத்தைப் பாருங்கள். எம்ஓவி கோப்புகள் பழைய 32-பிட் ஆஃபீஸில் குவிக்டைம் தயவில் ஓடின. விண்டோஸுக்கான குவிக்டைமை ஆப்பிள் 2016-இலேயே கைவிட்டுவிட்டது. 64-பிட் ஆஃபீஸில் அது உதவவும் உதவாது. இப்போது வழக்கமாக நிறுவப்படுவது 64-பிட். குவிக்டைமைத் தேடி இறக்காதீர்கள், பாதுகாப்பு ஓட்டைகளோடு நிற்கும் மென்பொருள் அது. விஎல்சியில் எம்பி4 ஆக, எச்.264 படத்தோடும் ஏஏசி ஒலியோடும் மாற்றிச் செருகினால் தீர்ந்தது.

பெருக்கல் குறியோடு வெற்றுப் பெட்டி தெரிந்தால் அது ஃபிளாஷ் அனிமேஷனாக இருக்கக்கூடும். அடோபி 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷை நிறுத்திவிட்டது. எந்த செட்டிங்கை மாற்றினாலும் அது எழுந்து வராது. மூல எஸ்டபிள்யூஎஃப் கோப்பு கையில் இருந்தால் ரஃபிள் என்ற இலவச மென்பொருளில் ஓட்டி, திரையைப் பதிவுசெய்து, வீடியோவாகச் செருகலாம். பட்டன் அழுத்தினால் நகரும் வகை என்றால் அந்த ஊடாட்டம் போய்விடும். அது அவ்வளவு முக்கியமென்றால் அனிமேஷனைப் புதிதாகச் செய்வதைத் தவிர வழியில்லை.

பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை

மேலே சிவப்புப் பட்டை இருந்தால், இணையத்திலிருந்தோ மின்னஞ்சலிலிருந்தோ வந்த கோப்பின் மேக்ரோவை ஆஃபீஸ் தடுத்திருக்கிறது. 2022 முதல் இதுதான் வழக்கம். கோப்பு உங்கள் ஆள் எழுதியதுதான் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும், அதை மூடிவிட்டு, வலது கிளிக் → புராப்பர்ட்டீஸ், கீழே அன்பிளாக் கட்டத்தில் டிக் போடுங்கள். உறுதியாகத் தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். மேக்ரோ வழியாக வரும் வைரஸ்களுக்காகத்தான் இந்தக் கதவையே மூடினார்கள்.

பட்டை எதுவும் இல்லை, ஆனால் 64-பிட்டுக்காகக் குறிமுறையைத் திருத்த வேண்டும் என்று செய்தி வந்தால் அது 32-பிட் காலத்து மேக்ரோ. விண்டோஸை நேரடியாகக் கூப்பிடும் டிக்ளேர் வரிகளில் பிடிஆர்சேஃப் என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். நினைவக முகவரியைத் தாங்கும் மாறிகளை லாங்கிலிருந்து லாங்பிடிஆருக்கு மாற்ற வேண்டும். சொல்லைச் சேர்த்துவிட்டு மாறிகளை மறந்தால் பிழைச் செய்தி போய்விடும், ஆனால் ஓட்டும்போது பவர்பாயின்டே விழலாம். எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார், திருத்த ஆளில்லை என்றால் அந்த ஒரு கணினியில் மட்டும் 32-பிட் ஆஃபீஸைப் போடுவது கௌரவக் குறைவல்ல. ஆனால் ஒரே கணினியில் இரண்டையும் சேர்த்து வைக்க முடியாது.

ஸ்லைடுக்குள் வைத்திருந்த டெக்ஸ்ட் பாக்ஸ், ஆப்ஷன் பட்டன் போன்ற ஆக்டிவ்எக்ஸ் சமாசாரங்கள் செத்துக் கிடந்தால் காரணம் வேறு. ஆஃபீஸ் 2024-இலும், 2025 ஏப்ரல் முதல் 365-இலும் ஆக்டிவ்எக்ஸ் அறிவிப்பில்லாமலேயே முடக்கப்பட்டிருக்கும். டிரஸ்ட் சென்டரில் ஆக்டிவ்எக்ஸ் செட்டிங்ஸ் போய், கேட்டுவிட்டு இயக்கும் தேர்வுக்கு மாற்றலாம். வினாடி வினா ஸ்லைடுக்காக ஒரு பயிற்சிக் கணினியில் மாற்றினால் சரி, அலுவலகம் முழுக்க மாற்றச் சொல்லி ஐடி பிரிவை நச்சரிக்காதீர்கள்.

சார்ட்டைத் திருத்த முடியவில்லை, சமன்பாடு திறக்கவில்லை

எக்செலிலிருந்து சார்ட்டைச் சாதாரணமாக ஒட்டினால் அது இணைப்போடுதான் ஒட்டும். எக்செல் கோப்பு இடம் மாறினால் பார்க்க முடியும், திருத்த முடியாது. எடிட் லிங்க்ஸில் சேஞ்ச் சோர்ஸ் கொடுத்துப் புதிய இடத்தைக் காட்டுங்கள். அடுத்த முறை ஒட்டும்போதே எம்பெட் வகையைத் தேர்ந்தெடுத்துவிட்டால் இந்தப் பிரச்சினை வராது. ஆனால் அந்த எக்செலின் மற்ற ஷீட்டுகளும் சேர்ந்து உள்ளே போகும் என்பதை மறக்க வேண்டாம், சம்பளப் பட்டியல் உள்ள எக்செலாக இருந்துவிடப் போகிறது.

பழைய சமன்பாடுகள் ஈக்குவேஷன் எடிட்டர் 3.0-இல் செய்தவை. பாதுகாப்புக் காரணத்துக்காக 2018 ஜனவரி அப்டேட்டில் அந்தக் கருவியையே நீக்கிவிட்டார்கள். சமன்பாடு படமாகத் தெரியும், திருத்த முடியாது. ஒன்றிரண்டுதான் என்றால் இன்சர்ட் → ஈக்குவேஷனில் புதிதாகத் தட்டிவிடுங்கள். நிறைய இருந்தால் மேத்டைப் என்ற சமன்பாட்டு மென்பொருளை வாங்கலாம்.

திறக்கவே மாட்டேன் என்கிறது

வெற்றுக் கோப்பும் தொங்கினால் விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, powerpnt /safe என்று தட்டி, பவர்பாயின்டை சேஃப் மோடில் திறங்கள்; கன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு ஐகானைக் கிளிக் செய்தாலும் போதும். அதில் ஒழுங்காக ஓடினால், பவர்பாயின்டோடு ஒட்டிக்கொண்டு ஓடும் துணை மென்பொருளான ஏதோ ஓர் ஆட்-இன்தான் வில்லன். ஃபைல் → ஆப்ஷன்ஸ் → ஆட்-இன்ஸ், கீழே காம் ஆட்-இன்ஸ் தேர்ந்தெடுத்து கோ கொடுத்து, ஒவ்வொன்றாக டிக் எடுத்துப் பாருங்கள். பழைய பதிப்போடு வந்த பிடிஎஃப் ஆட்-இன்களை முதலில் சந்தேகப்படுங்கள். ஸ்லைடு ஷோவில் மட்டும் திரை மினுக்கினால் ஆப்ஷன்ஸ் → அட்வான்ஸ்டில் ஸ்லைடு ஷோவுக்கான ஹார்டுவேர் முடுக்கத்தை நிறுத்திப் பாருங்கள்.

ஒரே ஒரு கோப்பு மட்டும் ரிப்பேர் செய்யவா என்று கேட்டால், நெட்வொர்க்கிலிருந்து திறக்காமல் டெஸ்க்டாப்புக்குக் கொண்டுவந்து, அன்பிளாக் செய்து மறுபடி திறங்கள். பாதிக்குப் பாதி அங்கேயே தீரும். தீராவிட்டால் லிப்ரே ஆஃபீஸ் இம்ப்ரெஸில் திறந்து வேறு பெயரில் பிபிடிஎக்ஸ் ஆகச் சேமித்துப் பாருங்கள். அலங்காரம் கொஞ்சம் கலையும், உள்ளடக்கம் வந்துவிடும்.

அதிலும் திறக்காத பிபிடிஎக்ஸ் கோப்பின் நகலில், பெயரின் வால் பகுதியை அழித்துவிட்டு ஜிப் என்று மாற்றுங்கள். பிபிடிஎக்ஸ் என்பது அடிப்படையில் ஒரு ஜிப் பொதிதான். விரித்தால் பிபிடி என்ற கோப்புறைக்குள் மீடியா இருக்கும். படங்களும் வீடியோக்களும் அதில் முழுதாகக் கிடைக்கும். பக்கத்தில் ஸ்லைட்ஸ் கோப்புறையில் ஸ்லைடுக்கு ஒன்றாக எக்ஸ்எம்எல் கோப்புகள். யூனிகோடில் தட்டிய கோப்பு என்றால், நோட்பேடில் திறந்ததும் கோண அடைப்புக்குறிகளுக்கு நடுவே உங்கள் வரிகள் தமிழிலேயே தெரியும். அவற்றைக் காப்பி எடுத்துப் புதிய டெம்ப்ளேட்டில் ஒட்டி வேலையைத் தொடரலாம்.